ஏரிக் களிமண்ணில் நின்ற எஃகுக் கோபுரங்கள்: மெக்ஸிகோ நகரம், 1985

1985 செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை 7.17. மெக்ஸிகோ நகரின் பழைய மையப்பகுதிக்குத் தெற்கே, பீனோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்துக்கு மேலே ஐந்து எஃகுக் கோபுரங்கள் நின்றன. எல்லாம் அரசு அலுவலகங்கள். மூன்று கோபுரங்களுக்கு 21 மாடி, இரண்டுக்கு 14 மாடி. 1970களின் தொடக்கத்தில் கட்டியவை, அதாவது பதினைந்து வயதுகூட ஆகாதவை. நிலம் ஆடத் தொடங்கிய சிறிது நேரத்தில் 21 மாடிக் கோபுரம் ஒன்று அடியோடு சாய்ந்து, பக்கத்திலிருந்த 14 மாடிக் கோபுரத்தின் மேல் விழுந்தது. இரண்டும் போயின. அலுவலக நேரம் தொடங்கவில்லை என்பதால் உள்ளே பெரும்பாலும் ஆள் இல்லை.

அங்கிருந்து வடமேற்கே ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் லத்தீன் அமெரிக்கக் கோபுரம் என்ற பொருளில் தோர்ரே லத்தீனோஅமெரிக்கானா என்று அழைக்கப்படும் 44 மாடிக் கட்டிடம் வரும். அதுவும் எஃகுச் சட்டகம்தான். 1956இல் முடிந்தது, பீனோ சுவாரெஸைவிட ஏறக்குறைய ஒரு தலைமுறை பழையது, உயரமோ இரண்டு மடங்கு. நிற்பதும் அதே ஏரிப் படுகையில்தான். அன்று காலை அதன் சட்டகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எஃகு வளையும், இழுபடும், கான்கிரீட்டைப் போலப் பொடிந்து விழாது. ஆகவே நிலநடுக்கத்துக்கு எஃகுக் கட்டிடம்தான் பாதுகாப்பு என்று கட்டிடப் பொறியாளர்களான நாங்கள் எல்லோரும் கல்லூரியில் படித்தோம். அது பொய்யில்லை. நவீனமான உயர்ந்த எஃகுக் கட்டிடம் நிலநடுக்கத்தில் முழுதாக விழுந்ததற்கு உலகிலேயே உதாரணம் மிகக் குறைவு. அந்தக் குறைவான உதாரணங்களில் முதலில் வருவது பீனோ சுவாரெஸ். அது ஏன் விழுந்தது என்பதைத் தூணிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏரி எங்கே போனது

அஸ்டெக் மக்கள் 1325 வாக்கில் தெனோச்தித்லான் நகரத்தை நிறுவியது தெஸ்கோகோ ஏரிக்கு நடுவிலிருந்த ஒரு தீவில். ஸ்பானியர்கள் வந்த பிறகு ஏரி கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கப்பட்டது. நகரம் தீவைத் தாண்டி ஏரிப் படுகையின் மேலேயே பரவியது. பீனோ சுவாரெஸ் நிலையத்துக்காகத் தோண்டியபோது 1967இல் காற்றுக் கடவுளான எஹெகாத்லின் சிறு பலிமேடை ஒன்று கிடைத்தது. இன்றும் நிலையத்துக்குள் அதைப் பார்க்கலாம். கோபுரங்கள் நின்ற இடம் எந்த மண் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

அந்த மண் சாதாரணக் களிமண் இல்லை. எரிமலைச் சாம்பல் ஏரித் தண்ணீரில் படிந்து உருவானது. நீரளவு 300 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் அங்கே சகஜம். அதாவது ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்கு மூன்று கிலோவுக்கு மேல் தண்ணீர். நம் ஊரில் மண் பரிசோதனை அறிக்கையில் 60 சதவீதம் என்று வந்தாலே 'ரொம்ப மோசமான களி' என்று பேசிக்கொள்வோம். மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி போகும் நிலநடுக்க அலைக்குக் குறுக்கலை என்று பெயர். அது இந்த மண்ணில் போகும் வேகம் சில இடங்களில் விநாடிக்கு 75 மீட்டர் அளவுதான். நல்ல பாறையில் அதே அலை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும்.

இந்தக் கதையில் வரும் கணக்குகளிலேயே எளிதானது இதுதான். கெட்டியான அடித்தளத்தின் மேல் மெத்தென்ற மண் அடுக்கு ஒன்று கிடந்தால், அது ஒருமுறை பக்கவாட்டில் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் என்பது அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அலை வேகத்தால் வகுத்தால் வரும் எண். நகரின் போக்குவரத்து அமைச்சகக் கட்டிடம் இருந்த இடத்தில் ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவி இருந்தது. அங்கே களிமண் ஏறக்குறைய 38 மீட்டர் ஆழம். 38ஐ நான்கால் பெருக்கி 75ஆல் வகுத்தால் 2 விநாடி. அன்று காலை அந்தக் கருவி பதிந்ததும் அதையேதான்: ஏறக்குறைய சீரான, தாளம் தவறாத, 2 விநாடிக்கு ஒருமுறை வந்து போகும் அசைவு.

380 கிலோமீட்டர் தாண்டியும்

நிலநடுக்கத்தின் மையம் பசிபிக் கரையில், மிச்சோவாகான் மாநிலத்தை ஒட்டி. அங்கே கோகோஸ் தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் நுழைகிறது. அளவு 8.0. நகரத்துக்கு அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் ஆட்டம் தேய்ந்து போயிருக்க வேண்டும். தேயவும் செய்தது. நகரின் தெற்கே பழைய எரிமலைக் குழம்புப் பாறையில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 3 முதல் 4 சதவீதம். அவ்வளவில் பெரும்பாலான கட்டிடங்களில் பூச்சுகூட உதிராது.

சில கிலோமீட்டர் தள்ளி ஏரிப் படுகையில் இருந்த அமைச்சகக் கருவியில் 17 சதவீதம். மையத்துக்கு மிக அருகில் கடற்கரையில் பதிவானதோ சுமார் 14 சதவீதம். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 380 கிலோமீட்டர் ஓடி வந்து களைத்த அலையை, கடைசி 38 மீட்டர் மண் மையத்தின் பக்கத்தில் இருந்ததைவிடக் கூடுதலாக்கிவிட்டது.

உச்ச முடுக்கம் மட்டும் பார்த்தால் பெருக்கம் ஐந்து மடங்கு. உண்மையான அடி அதில் இல்லை. 2 விநாடி இயல்பு அலைவு நேரமும் (ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம்) 5 சதவீதத் தணிப்பும் (ஆட்டத்தைத் தானே அடக்கும் தன்மை) உள்ள ஒரு கட்டிடத்தை அந்தப் பதிவின் மேல் நிறுத்தினால், அதன் மேல் வரும் முடுக்கம் ஏறக்குறைய ஒரு முழு புவியீர்ப்பு முடுக்கம். அதாவது கட்டிடத்தின் எடை எவ்வளவோ, அதே அளவு விசை பக்கவாட்டில்! அன்று நடைமுறையிலிருந்த 1976ஆம் ஆண்டு விதிகள் ஏரிப் பகுதிக்கு வைத்திருந்த குணகம், அதாவது கட்டிட எடையில் பக்கவாட்டு விசையாக எடுக்க வேண்டிய பங்கு, 0.24. கட்டிடம் வளைந்து கொடுக்கும் என்ற நம்பிக்கையில் அதையும் நான்கால் வகுக்க விதி இடம் கொடுத்தது. 0.06க்கு வடிவமைத்த கட்டிடத்தின் வாசலில் 1.0 வந்து நின்றது. அவ்வளவு கட்டிடங்கள் எப்படி விழுந்தன என்று கேட்பதைவிட, இவ்வளவு கட்டிடங்கள் எப்படி நின்றன என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

மண் ஏன் சோர்ந்து போகவில்லை

பல நாடுகளின் பொறியாளர்களை அன்று வியக்க வைத்தது இந்த இடம்தான். மெத்தென்ற மண் பலமாகக் குலுங்கினால் அதன் விறைப்பு குறையும், உள்ளுக்குள் உராய்ந்து ஆற்றலை விழுங்கும், அதனால் பெருக்கம் ஒரு எல்லைக்கு மேல் போகாது என்பது பொதுவான அனுபவம். மெக்ஸிகோக் களிமண் அப்படி நடந்துகொள்ளவில்லை. அதன் நெகிழ்வுக் குறியீடு, அதாவது எவ்வளவு நீரளவு வரம்புக்குள் மண் பிசையும் பதத்தில் இருக்கும் என்பதன் அளவு, நம் சாதாரணக் களிமண்ணுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு. நெகிழ்வுக் குறியீடு எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவு பெரிய உருமாற்றம் வரை மண் ரப்பரைப் போல மீள்கிறது, தணிப்பும் குறைவாகவே இருக்கிறது. 1991இல் வூசெடிக், டோப்ரி இருவரும் வெளியிட்ட, இன்று நில அதிர்வு மண் ஆய்வு செய்யும் எல்லோர் மேசையிலும் இருக்கும் வரைபடங்கள் இந்தத் தொடர்பைத்தான் சொல்கின்றன.

ஆகவே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். மெத்தென்ற மண் என்று சாயில் ரிப்போர்ட்டில் கண்டதுமே மெக்ஸிகோ நினைவுக்கு வந்து பயப்பட வேண்டியதில்லை. அங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்தன: சோராத களிமண், அதற்கு அடியில் கெட்டியான அடுக்கு, தொலைவிலிருந்து வந்ததால் நீண்ட அலைகள் நிறைந்த ஆட்டம். தொலைவுதான் காப்பாற்றும் என்று நினைக்கிறோம். இங்கே தொலைவு வேகமான சிறு அதிர்வுகளை வடிகட்டி, ஏரிக்குப் பிடித்த மெதுவான அலைகளை மட்டும் அனுப்பி வைத்தது.

எந்தக் கட்டிடம், எந்த மாடி

ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. தோராயமாக ஒரு மாடிக்கு 0.1 விநாடி என்று பழைய பொறியாளர்கள் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். 5 மாடிக்கு அரை விநாடி, 21 மாடிக்கு 2 விநாடி. நம் நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893 தரும் சூத்திரத்தை எடுத்தால், ஒரே உயரத்தில் எஃகுச் சட்டகத்தின் அலைவு நேரம் கான்கிரீட் சட்டகத்தைவிடச் சற்று நீளம். சுமார் 70 மீட்டர் உயரமுள்ள எஃகுச் சட்டகத்துக்கு அது 2 விநாடியைக் கொஞ்சம் தாண்டும்.

மெக்ஸிகோ நகரில் அன்று அதிகம் அடிபட்டவை 6 முதல் 15 மாடி வரை உள்ள கான்கிரீட் கட்டிடங்கள். அவற்றின் அலைவு நேரம் தொடக்கத்தில் 2 விநாடிக்குக் கீழேதான். ஆனால் விரிசல் விட விட விறைப்பு குறைகிறது, விறைப்பு குறையக் குறைய அலைவு நேரம் நீள்கிறது, நீண்டு நீண்டு நேராகப் போய் 2 விநாடியில் சிக்குகிறது. அடி வாங்க வாங்க அடிக்கு இன்னும் தோதாக ஆகிற நிலைமை அது. ஒன்றிரண்டு மாடி வீடுகளும் காலனிய காலக் கல் தேவாலயங்களும் ஏரிப் படுகையிலேயே பெரும்பாலும் தப்பின. அவற்றின் தாளம் வெகு வேகம். ஏரியின் மெதுவான அசைவில் அவை மண்ணோடு சேர்ந்து போய்த் திரும்பின.

லத்தீனோஅமெரிக்கானா மறுபக்கம் தப்பியது. அதன் முதல் அலைவு நேரம் சுமார் மூன்றரை விநாடி. இது தற்செயல் இல்லை. மண் இயந்திரவியல் அறிஞர் லியோனார்தோ செவார்ட், அடோல்ஃபோ செவார்ட் ஆகியோர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பொறியாளர் நேதன் நியூமார்க்கின் ஆலோசனையுடன் 1950களின் தொடக்கத்திலேயே இயங்கியல் கணக்குப் போட்டு வடிவமைத்தது அது. களிமண்ணைத் தாண்டி சுமார் 33 மீட்டர் ஆழத்திலுள்ள மணல் அடுக்கு வரை 361 பைல்கள் (நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூண்கள்) இறக்கினார்கள். அதற்கு மேல் ஆழமான பெட்டி அடித்தளம். தோண்டி எடுத்த மண்ணின் எடை கட்டிட எடையில் ஒரு பங்கை ஈடுகட்டும். 1957 ஜூலையில், கட்டி முடித்த மறு வருடமே, பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தபோது அது சோதனையில் தேறியது. 1985இல் 2 விநாடித் தாளம் அதன் மூன்றரை விநாடியைத் தொடவில்லை. கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் 2இலிருந்து இன்னும் விலகித்தான் போயிருக்கும்.

பீனோ சுவாரெஸின் 21 மாடிக் கோபுரங்களோ நேராக அந்த இரண்டு விநாடியின் வட்டாரத்தில் நின்றன.

இங்கே எஃகுக்கே உரிய ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். போல்ட்டும் வெல்டிங்குமாகச் சேர்ந்த எஃகுச் சட்டகத்துக்கு இயல்பான தணிப்பு குறைவு. கணக்கில் எஃகுக்கு 2 சதவீதம், கான்கிரீட்டுக்கு 5 சதவீதம் என்று எடுப்பது வழக்கம். ஒரே ஒரு குலுக்கலாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. தாளம் ஒத்துப்போய், ஊஞ்சலைத் தள்ளுவதைப் போல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளல் விழுந்தால்தான் தெரியும். மீள்தன்மை குறையாத ஒரு சட்டகத்துக்குக் கணக்குப் போட்டால், பத்தாவது சுற்றில் 5 சதவீதத் தணிப்புள்ளது தரை அசைவைப் போல ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு ஆடும்; 2 சதவீதத் தணிப்புள்ளது ஏறக்குறைய பதினெட்டு மடங்கு. பத்துச் சுற்றுக்கு 20 விநாடி. ஏரிப் படுகையில் பலமான ஆட்டம் அதைவிட நீண்டது. நிஜத்தில் எஃகு பதினெட்டு மடங்குக்கு முன்பே மீளாத அளவுக்கு வளைந்து, ஆற்றலை விழுங்கத் தொடங்கும். அப்படி விழுங்க அனுமதிக்கும் விதத்தில் கட்டியிருந்தார்களா என்பதே அடுத்த கேள்வி.

தூணுக்கு வந்த சுமை

கோபுரங்களின் தூண்கள் நான்கு எஃகுத் தகடுகளை மூலைகளில் வெல்டிங் செய்து பெட்டியாக்கியவை. உத்திரங்களுக்குப் பதில் டிரஸ்கள், அதாவது முக்கோணங்களாகக் கோத்த எஃகுச் சட்டங்கள். சில பகுதிகளில் தூண்களுக்கு இடையே மூலைவிட்டமாகப் பிரேசிங் கம்பிகள். பக்கவாட்டு விசையின் பெரும்பங்கை இந்தப் பிரேசிங் உள்ள பகுதிகள்தான் வாங்கிக்கொள்ளும். அதனால் மாடிகள் அதிகம் அசையாது. சரி, அந்த விசை எங்கே போகும்? பிரேசிங்கின் இரு பக்கத்துத் தூண்களுக்குள் அச்சுவிசையாக இறங்கும். ஒரு பக்கத் தூணை மேலே இழுக்கும், மறு பக்கத் தூணைக் கீழே நசுக்கும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை இடம் மாறும்.

வடிவமைப்பு விதிகள் சொன்ன விசையோடு நின்றிருந்தால் தூண்கள் தாங்கியிருக்கும். பிரேசிங் கம்பிகள் கணக்குக்குத் தேவையானதைவிட வலுவாக இருந்தன. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விபரீதம் அங்கேதான். பிரேசிங் முதலில் நெளிந்திருந்தால் அது ஒரு ஃபியூஸைப் போல வேலை செய்திருக்கும். தூணுக்குப் போகும் விசைக்கு ஒரு எல்லை விழுந்திருக்கும். அது தாக்குப்பிடித்து மேலும் மேலும் விசையைத் தூணுக்குள் அனுப்பியது. பெட்டித் தூணின் தகடுகள் வெளிப்பக்கமாக உப்பி நெளிந்தன. உப்பிய தகடு மூலை வெல்டிங்கைப் பிளந்தது. நான்கு தகடும் பிரிந்தபின் அது பெட்டி இல்லை, நான்கு தனித்தனித் தகடு; மேலே பல மாடிகளின் எடை. விழுந்த கோபுரத்தின் இடிபாடுகளில் இதைத் தேடுவது கடினம். அதே மாதிரியான பக்கத்துக் கோபுரம் விழாமல் படுசேதத்தோடு நின்றது. அதன் தூண்களிலேயே இந்த நெளிவும் பிளவும் ஆய்வாளர்களுக்கு நேரடியாகக் கிடைத்தன. ஸ்டான்ஃபோர்டின் ஓஸ்டராஸ், க்ராவிங்க்லர் இருவரும் செய்த ஆய்வு இந்தச் சங்கிலியைத்தான் விளக்கியது.

மண்ணையும் தூணையும் இங்கே பிரித்துப் பேச முடியாது. அதே கோபுரங்கள் பல்கலைக்கழகப் பாறையில் நின்றிருந்தால், அந்தத் தூண் விவரத்தின் குறை யாருக்கும் தெரியாமலே கட்டிடம் வயதாகியிருக்கும். அதே ஏரியில் தூண்கள் பிரேசிங்கின் முழு வலுவுக்கு ஈடாகக் கட்டப்பட்டிருந்தால், பிரேசிங் நெளிந்து, சுவர்கள் பிளந்து, கோபுரம் நின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பது என் கருத்து.

பிறகு வந்தவை

அடுத்த மாதமே நகரம் அவசர விதிகளை வெளியிட்டது. ஏரிப் பகுதியின் குணகம் 0.24இலிருந்து 0.40 ஆனது. எஃகு விதிகளில் நடந்த மாற்றம்தான் என் வேலையைத் தொட்டது. எந்த உறுப்பு முதலில் தோற்க வேண்டும் என்று வடிவமைப்பவரே முடிவு செய்து, தூணை அந்த உறுப்பின் கூடுதல் வலுவுக்கும் சேர்த்துச் சோதிப்பது பல நாட்டு விதிகளில் வழக்கமானது. நம் எஃகுக் கட்டிட விதியான ஐ.எஸ். 800இன் 2007 பதிப்பில் 12ஆம் பிரிவில் நிலநடுக்க விசையை 2.5 மடங்காக்கிச் சேர்க்கும் சுமைக் கூட்டு இருக்கிறது அல்லவா, அதன் தேவையைப் புரிந்துகொள்ள பீனோ சுவாரெஸைப் படித்தால் போதும்.

மண் விஷயத்தில் நம் விதி அவ்வளவு தூரம் வரவில்லை. ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பில் மண் மூன்று வகை. 2 விநாடிக் கட்டிடத்துக்கு அது தரும் முடுக்கக் குணகம் கெட்டி மண்ணில் 0.5, மெத்தென்ற மண்ணில் 0.835. விகிதம் 1.67 மட்டுமே. மெக்ஸிகோ ஏரியில் அதே 2 விநாடியில் பாறைக்கும் களிக்கும் இருந்த வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு. நம் மண் அந்த மண் இல்லைதான். ஆனால் பொது வளைகோடு ஒரு சராசரி. ஒரு குறிப்பிட்ட பள்ளத்தாக்கின் தாளம் அதில் இருக்காது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில் சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில், சபர்மதியின் ஆழமான வண்டல் மேல் நின்ற அடுக்குமாடிகள் விழுந்தன. அவை கான்கிரீட், கீழே வண்டி நிறுத்தத் திறந்த தளம் விட்டவை. குற்றத்தில் பெரும்பங்கு அதற்குத்தான். என்றாலும் தொலைவு, வண்டல், மாடி எண்ணிக்கை மூன்றும் சேரும் கதை அங்கேயும் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு எஃகு அலுவலகக் கட்டிடத்தின் கணக்கைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மாடி. மண்ணைச் சோதிக்கத் துளை போட்டது 15 மீட்டர் வரைக்கும்தான். கடைசி மாதிரியும் களிதான். களி எங்கே முடிகிறது என்று தெரியாமலே 'இரண்டாம் வகை மண்', அதாவது நடுத்தர மண், என்று எழுதியிருந்தது. பைல் நீளத்துக்கு அது போதும் என்றார்கள். தாங்குதிறனுக்குப் போதலாம். 4ஆல் பெருக்கத் தடிமன் வேண்டுமே, அது அந்தத் தாளில் இல்லை. இன்னும் ஆழமாக இரண்டு துளையும் குறுக்கலை வேக அளவீடும் கேட்டு எழுதினேன். கட்டிடச் செலவோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமில்லை. வந்த அறிக்கையில் களி 22 மீட்டரில் முடிந்தது, வேகம் மெக்ஸிகோவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மண்ணின் தாளம் அரை விநாடிக்குப் பக்கம், கட்டிடத்தினுடையது ஒன்றரைக்குப் பக்கம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மண்ணும் மாறும்

2017இல் அதே செப்டம்பர் 19. காலையில் 1985இன் நினைவாக நகரம் முழுவதும் ஒத்திகை நடந்தது, மதியம் 1.14க்கு நிஜமாகவே ஆடியது. அளவு 7.1, மையம் தென்கிழக்கே சுமார் 120 கிலோமீட்டரில். நகரில் மட்டும் 228 பேர் இறந்தார்கள். இந்தமுறை அருகிலிருந்து வந்ததால் வேகமான அலைகள் வடிகட்டப்படவில்லை. களிமண் தடிமன் குறைவாக உள்ள ஏரியின் மேற்கு ஓரத்தில், ரோமா, கொண்டேசா, தெல் வாய்யே பகுதிகளில், ஒரு விநாடியை ஒட்டிய தாளத்தில் ஆட்டம் பெருகியது. அடிபட்டவை 1985இல் அடிபட்டவற்றைவிடக் குட்டையான கட்டிடங்கள். 2 விநாடித் தாளம் உள்ள ஆழமான பகுதிகளில் ஆட்டம் 1985ஐவிடக் குறைவு. லத்தீனோஅமெரிக்கானா இதையும் தாண்டி நின்றது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. நகரம் குடிநீருக்காக நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, களிமண் தண்ணீரை இழந்து இறுகுகிறது. மையப்பகுதி இருபதாம் நூற்றாண்டில் பல மீட்டர் தாழ்ந்தது; 1910இல் எழுப்பிய சுதந்திரத் தேவதைத் தூண் ஆழமான அடித்தளத்தில் அப்படியே நிற்க, சுற்றித் தெரு இறங்கியதால் 14 படிகளைக் கூடுதலாகக் கட்டவேண்டி வந்தது. இறுகும் மண்ணில் அலை வேகம் கூடுகிறது, தடிமன் குறைகிறது. இரண்டும் சேர்ந்து தாளத்தின் நேரத்தைக் குறைக்கின்றன. 1985இன் வரைபடத்தில் 2 விநாடி என்று குறித்த இடங்கள் பல இப்போது அதற்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. அப்போது ஆபத்து வட்டத்துக்கு வெளியே பத்திரமாக இருந்த குட்டையான கட்டிடம், ஒரு செங்கல்கூட மாறாமல், வட்டத்துக்குள் வந்துவிடலாம். அதனால்தான் அங்கே மண்ணின் அலைவு நேர வரைபடத்தை அவ்வப்போது புதிதாக அளந்து வரைய வேண்டியிருக்கிறது.